நடுவில் வெட்டிய கத்தி

"ஆட்டுக்குட்டியோட வயிறு பாலைக் கரைக்குது. கறி தின்னா நம்ம வயிறு கறியையும் கரைக்குது. அப்ப வயிறு ஏன் தன்னையே கரைச்சுக்கல?"

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், மலையூரான ஜெர்-கெச்சுவின் கூட்டுப் பண்ணையில், பால் கொட்டகையில் நின்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி இப்படிக் கேட்டாள். கால்நடை மருத்துவர் சிரித்தார். பண்ணை மேலாளர் சிரித்தார். பதில் தெரியாதவர்கள் எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத்தான் சிரிப்பார்கள். சிரிக்காதவள் சீஸ் போடும் ஜூராகான் ஒருத்திதான்.

"கத்தியை உறைக்குள்ள போட்டு வெச்சிருக்கு, கண்ணு. பால் வந்தப்புறம்தான் உருவும்," என்றாள். சொல்லிவிட்டு, நீலப் பருத்திப்பூ போட்ட கிண்ணம் ஒன்றில் சூடு ஆறாத சீஸை நிறைய வைத்து, "வீட்டுக்குக் கொண்டு போ. அம்மாவுக்கும் குடு," என்று கையில் கொடுத்தாள். அந்த வருடம் அரசாங்கமே மாறி, பண்ணையும் உடைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா வேலை தேடி ரஷ்யாவுக்குப் போனவர் கடிதம் போடுவதையும் நிறுத்தியிருந்தார். இதெல்லாம் ஜூராகானுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கேள்வி கேட்ட பெண் வளர்ந்து, கால்நடைப் பள்ளியில் இரண்டு வருடம் படித்து, காவல்துறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, லஞ்சம் வாங்க வராது என்ற ஒரே குறையால் வெளியே வந்தாள். இப்போது மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறாள். பெயர் புருல்கான். பெரும்பாலும் காணாமல் போன ஆடுகள். ஆடுகள் பொய் சொல்வதில்லை என்பதால் அவளுக்கு அந்தத் தொழில் பிடித்திருந்தது.

நீலக் கிண்ணம் அவள் மேஜைமேல் காகிதக் கிளிப்புகளைச் சுமந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்தக் கிண்ணத்துல எனக்கு என்னைக்காவது டீ கிடைக்குமா? இல்ல கிளிப்புக்கு மட்டும்தான் மரியாதையா?" என்றான் தென்திமிஷ். அவளுடைய உதவியாளன், ஓட்டுநர். கார் அடிக்கடி நின்றுவிடும். அவன் வாய் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

"அது என்னுது இல்லடா."

"ஆறு வருஷமா இதையே சொல்றீங்க. திருட்டுப் பொருளா?"

நல்லவேளையாக அப்போது கதவு திறந்தது.

வந்தவர் ஷாம்பெத், கூட்டுறவு சீஸ் ஆலையின் தலைவர். உயரமான வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். கழற்றினால் பாதி அதிகாரம் அதோடு போய்விடும் என்ற பயம் அவருக்கு உண்டு. காகிதத்தில் சுற்றிய சீஸ் துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இதை வாயில போடு."

புருல்கான் ஒரு விள்ளல் போட்டாள். தென்திமிஷ் இரண்டு போட்டான். மாத்திரையை மென்றதுபோல் கசந்தது.

"மே மாசம் போட்டு நிலவறையில அடுக்கினது. ரெண்டு மாசம் காத்திருந்து அதுல கொஞ்சம் எடுத்து அனுப்பினா, தலைநகர ஹோட்டல்காரன் திருப்பி அனுப்பிட்டான். நிலவறையில கிடக்கறதும் சேர்த்து மொத்தம் நாப்பத்தஞ்சு கட்டி. ஜூராகான் எதையோ கலந்திருக்கா. இன்னிக்கு மூணு மணிக்கு ஆலைக் கூட்டம். அதுக்குள்ள என்ன கலந்தான்னு கண்டுபிடிச்சுக் குடு. வேணும்னா கைரேகை எடு."

"அவங்கதான் கலந்தாங்களான்னு கண்டுபிடிக்க வேண்டாமா?"

"அதை நான் கண்டுபிடிச்சுட்டேன். தீர்மானம்கூட அடிச்சு வெச்சாச்சு."

தீர்மானத்தை எடுத்துக் காட்டினார். எழுத்துப்பிழை இல்லாமல் அழகாக அச்சாகியிருந்தது. வெள்ளையைக் கெடுத்த ஜூராகான் இன்றோடு நீக்கப்படுகிறாள். அவள் கைபட்ட எதையும் ஆலை இனி ஏற்காது. அவள் இடத்துக்குத் தலைவரின் மச்சினி வருகிறாள். அந்த மச்சினிக்குச் சீஸ் சாப்பிடுவதில் நீண்ட அனுபவம் உண்டு.

"வெள்ளை" என்றால் ஜெர்-கெச்சுவில் பாலும் பாலிலிருந்து வருவது எல்லாமும். அங்கே ஆடு திருடியவன் நான்கு வருடம் கழித்துக் கல்யாணப் பந்தியில் வந்து உட்காரலாம். வெள்ளையைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கியவள் கையால் ஊற்றும் தேநீரை யாரும் தொட மாட்டார்கள். ஜூராகானுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

மணி ஒன்பதேகால். புருல்கான் எழுந்து கோட்டை எடுத்தாள்.

---

ஆலையின் நிலவறையில் சீஸ் கட்டிகள் பலகைகளில் வரிசையாகத் தூங்கின. ஒவ்வொன்றின் தலையிலும் போட்ட தேதி குத்தியிருந்தது. புருல்கான் மெல்லிய உளியால் ஒவ்வொன்றிலும் துளி எடுத்துக் கொடுக்க, தென்திமிஷ் ருசி பார்த்தான்.

"மே பதினொண்ணு?"

"சொர்க்கம்."

"பன்னிரண்டு?"

"என் மாமியார் பேச்சு மாதிரி இருக்கு, அக்கா."

"இருபது?"

"அதே மாமியார், ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு."

"இருபத்தொண்ணு?"

"கிளம்பியாச்சு. மறுபடியும் சொர்க்கம்."

ஒன்பது நாள், நாளுக்கு ஐந்து கட்டி. நாற்பத்தைந்து சரியாக வந்தது. கசந்தவற்றை அமுக்கிப் பார்த்தாள். மற்றவை இறுகி இருக்க, இவை மட்டும் ஈரக் களிமண் மாதிரி விரலுக்கு இடம் கொடுத்தன.

"பால்ல கோளாறு இருக்கும். மேய்ச்சல் ஆளுங்க எதையாவது மேய விட்டிருப்பாங்க," என்றான் தென்திமிஷ்.

புருல்கான் கூரைக்கு ஏறினாள். அங்கே தயிரைப் பிழிந்து உப்புப் போட்டு உருட்டிய குருத் உருண்டைகள், அதே மே மாதப் பாலில் செய்தவை, சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒன்றை அவன் வாயில் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.

"அதே பால். இது நல்லா இருக்கு. ஆக, பால் கறந்தவன் தப்பிச்சான். நிலவறையை விட்டே போகாத கட்டியும் கசக்கறதால வண்டிக்காரனும் ஹோட்டல்காரனும் தப்பிச்சாங்க. சங்கிலியோட ரெண்டு முனையிலயும் ஒண்ணுமில்ல, தென்திமிஷ். எவனோ நடுவுல வெட்டியிருக்கான். சீஸுக்கு உண்டு, குருத்துக்கு இல்ல. அது என்ன?"

"உறைநீர்."

"நீயும் சில நேரம் யோசிக்கிறே."

உறைநீர் என்பது வேறொன்றுமில்லை. பால்குடி மறவாத குட்டியின் வயிற்றை உலர்த்தி, சீஸ் வடித்த தண்ணீரில் உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் சாறு. இரண்டு கரண்டி ஊற்றினால் ஒரு தொட்டிப் பால் அரை மணியில் கட்டியாகிவிடும்.

கீழே ஷாம்பெத் காத்திருந்தார். புருல்கான் கேட்டாள்: "தலைவரே, ஆலைக்கு உறைநீர் வெளியில வாங்குவீங்களே?"

"ரெண்டு வருஷமா வாங்கறதில்ல. ஜூராகான் வீட்டுல சும்மாவே ஊறவெச்சுத் தர்றா. சிக்கனம்னா என்னன்னு இந்த ஊருக்கு நான்தான் கத்துக் குடுத்தேன்."

"பழைய ஜாடியெல்லாம்?"

"எதையும் தூக்கிப் போடறவன் இல்ல நான்," என்றார் பெருமையாக. அந்தப் பெருமையைப் புருல்கான் மடித்து மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

---

ஜூராகான் வீட்டு முற்றம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் தளும்ப நின்றது.

"காலங்காத்தாலயே பெருக்கிட்டீங்களா பெரியம்மா?" என்றான் தென்திமிஷ்.

"நான் எழுந்திருக்கும்போதே பெருக்கியிருந்துது," என்றாள் ஜூராகான். "நாலு நாளா இப்படித்தான். ஆண்டவன் யாரையோ அனுப்பறான்."

"எங்க வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்க."

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டில் தேநீர் கொதித்தது, ரொட்டி இருந்தது, வெண்ணெய் இருந்தது. ஊர் இவள் கையை ஒதுக்கப் போகிற நாளில் அந்தக் கை விருந்தாளிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. சுவரலமாரியில் நீலப் பருத்திப்பூக் கிண்ணங்கள் ஐந்து வரிசையாக இருந்தன. ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. புருல்கான் பார்வையை அவசரமாக வேறு பக்கம் திருப்பினாள்.

"அக்கா, மே பன்னிரண்டுலேர்ந்து இருபது வரைக்கும் ஊத்தின உறைநீர் எது?"

"நான்தான் ஊத்தினேன். என் கை. எழுதிக்கோ."

"எந்த ஜாடின்னு கேட்டேன்."

"என் ஜாடி."

"யாராவது இரவல் வாங்கினாங்களா?"

"ரொட்டி எடுத்துக்கோ, கண்ணு."

காவல்துறையில் இருந்தபோது புருல்கான் எத்தனையோ திருடர்களை விசாரித்திருக்கிறாள். இவ்வளவு இறுகிய வாயை எந்தத் திருடனிடமும் பார்த்ததில்லை.

ஆனால் ஜாடி பொய் சொல்லாது. நடையின் குளிர்ந்த மூலையில் அது இருந்தது, அடியில் மூன்று விரல் ஆழத்துக்குப் பழுப்பு நீரோடு. அதன் அருகில் இப்போது பயன்படுத்தும் புது ஜாடி. புது ஜாடியின் வாயைப் பழைய பருத்திக் கந்தல் மூடியிருந்தது. பழைய ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூலால் ஆட்டுக்கொம்பு வளைவுகள், ஒவ்வொன்றும் எண்ணித் தைத்தது போல ஒரே அளவு.

தென்திமிஷ் குனிந்து பார்த்தான். "விஷம் வெக்கறவ பூவேலையும் செய்வாளா? ரொம்பக் கலைநயமான குற்றவாளிதான்."

"உங்க கை வேலையா, அக்கா?"

"என் கண்ணுக்கு ஊசியில நூலே ஏறாது," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஜூராகான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தென்திமிஷ், உன் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு வா."

"எதுக்கு?" அவன் முகம் மாறியது. மூன்று வருடத்துக்கு முன் குதிரை உதைத்தபோது எடுத்த அவனுடைய விலா எலும்புப் படம் காரிலேயே இருக்கும். போக்குவரத்துப் போலீஸ் மறித்தால் அதைக் காட்டி இருமுவான். அது அவனுக்கு ஓட்டுநர் உரிமத்தைவிட உபயோகமானது.

படத்தின் கீழ் ஓரத்திலிருந்து இரண்டு பட்டை வெட்டினாள். ஒன்றைப் புது ஜாடியில் முக்கி வைத்தாள், இன்னொன்றைப் பழையதில்.

"அந்தக் கறுப்புப் பூச்சு எதால ஆனது தெரியுமா? எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த பசை. முழுக்கப் புரதம். அதுல வெள்ளித்தூளைக் கலந்து பூசியிருக்கான். இப்ப டீ குடி."

"என் விலா ஊறிட்டிருக்கு, நான் டீ குடிக்கணும்."

குடித்தான். மூன்று கிண்ணம். அரை மணி கழித்துப் புருல்கான் பட்டைகளை எடுத்தாள். புது ஜாடியில் இருந்தது போட்டபடியே கறுப்பாக வந்தது. பழைய ஜாடியில் இருந்ததன் கறுப்பு, விரல் பட்டதும் கரி போல வழிந்து ஓடி, கண்ணாடியாய்த் தெளிந்த வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது.

"என் கீழ் விலாவைக் காணோம்," என்றான் தென்திமிஷ்.

"புரதம்ங்கறது மணி கோத்த மாலை மாதிரிடா. அதைப் பிரிக்கிற நொதியில ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு முனையில உக்காந்து ஒவ்வொரு மணியா கழட்டும். இன்னொண்ணு மாலைக்கு நடுவுல விழுந்து வெட்டும்."

"என் மச்சான் ரெண்டாவது ரகம். எந்தப் பேச்சா இருந்தாலும் நடுவுலதான் விழுவான்."

"குட்டி வயித்துல இருக்கறதும் நடுவுல வெட்டறதுதான். ஆனா மரியாதை தெரிஞ்ச கத்தி. பால்ல ஒரே ஒரு இடத்தை மட்டும் வெட்டும், பால் உறையும், அதோட கிட்டத்தட்ட ஓய்ஞ்சுடும். இந்தப் பழைய ஜாடியில இருக்கறதும் பாலை உறைய வெக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா அது நிறுத்தாது. நிலவறையில ரெண்டு மாசமும் கண்ட இடத்துல வெட்டிக்கிட்டே இருந்திருக்கு. அந்தத் துண்டு துணுக்குதான் நாக்குல கசக்குது. கட்டி களிமண்ணா ஆனதும் அதனாலதான்."

"அப்படிக் கண்டபடி வெட்டற சாறு யாருக்கு வேணும்?"

"இறுகினதை இளக்கணும்னு நினைக்கறவனுக்கு." புருல்கான் ஜன்னல் வழியாகப் பக்கத்து முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் ஆட்டுத்தோல்கள் தொங்கின. "தோல் பதப்படுத்தறவனுக்கு."

ஜூராகான் கெண்டியைக் கீழே வைத்தாள். "புருல், வேண்டாம் கண்ணு. என் பேரை எழுதிட்டுப் போயிடு."

புருல்கான் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டிலிருந்து போன ஜாடி. திரும்பி வந்த ஜாடி. நிறைந்து, புதுத் துணி கட்டி, மரியாதையாக வந்த ஜாடி. எதிரி இப்படித் திருப்பித் தரமாட்டான். ஜெர்-கெச்சுவில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. கைப்பிடி சர்க்கரையாவது, நாலு வாதுமையாவது உள்ளே இருக்க வேண்டும். போட ஒன்றுமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. புருல்கானுக்குத் தெரியும். நாளைக்குத் தருவோம் என்பார்கள். நாளை ஒரு வாரமாகும், வாரம் வெட்கமாகும், வெட்கம் முப்பத்தோரு வருடமாகும்.

ஆனால் இங்கே யாரோ அப்படித் தள்ளிப்போடவில்லை. கையில் கிடைத்ததை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

மணி பன்னிரண்டரை.

---

தோல்காரர் மேய்ச்சலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி, கூட்டத்தில் முன் வரிசை கிடைக்க வேண்டும் என்று, மூன்று மணிக்கு நடக்கும் கூட்டத்துக்குப் பதினொன்றுக்கே போய்விட்டாள். பிறர் அவமானப்படுவதைப் பார்ப்பதில் இப்படி நேரம் தவறாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டில் இருந்தது ஏப்ரலில் கல்யாணமாகி வந்த மருமகள் ஆய்னாஷ் மட்டும். பத்தொன்பது வயது. குனிந்து வணங்கி, நிமிராமலே தேநீர் ஊற்றினாள். தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் சிவப்பு நூல் ஆட்டுக்கொம்பு வளைவுகள்.

தென்திமிஷ் பார்த்துவிட்டான். பிறவியிலேயே முதல் தடவையாக, கேலி செய்யத் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

கிண்ணத்தை நீட்டிய அவள் விரல் நுனிகள் சிவந்து, வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தன.

"மாமனாருக்குத் தோல் வேலையில ஒத்தாசை பண்றியா, தங்கம்? கையுறை இல்லாமயா?"

"ஒரு ஜோடிதான் இருக்கு, அக்கா. அது மாமாவோடது."

தலைவர் கைரேகை எடுக்கச் சொன்னாரே என்று புருல்கான் நினைத்துக்கொண்டாள். எடுத்திருந்தால் வெள்ளைக் காகிதம்தான் வந்திருக்கும். ரேகையையும் தின்றுவிடுகிற கத்தி அது.

"பக்கத்து முத்தத்தை ரொம்பச் சுத்தமா பெருக்கறே," என்றாள் மெதுவாக.

கெண்டி தரையில் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் ஆய்னாஷும் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வார்த்தைகள்தான் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன.

விருந்தாளிகளுக்கு இனிப்புச் சீஸ் காய்ச்ச வேண்டும், உறைநீர் வாங்கி வா என்று மாமியார் அனுப்பியிருந்தாள். ஜூராகான் முழு ஜாடியையும் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்து அதை எடுத்து வைக்கும்போது ஈரத் தரையில் ஆய்னாஷின் கால் வழுக்கியது. ஜாடி உடையவில்லை, உள்ளே இருந்தது போய்விட்டது.

"வெள்ளையைக் கொட்டினேன், அக்கா. வீட்டுக்கு வந்து நாப்பது நாள்கூட ஆகல. அத்தைக்குத் தெரிஞ்சா எங்க ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. பொழுது சாய்ஞ்சா வெள்ளையை வீடு தாண்டிக் குடுக்கக் கூடாது. அதுக்குள்ள ஜாடியைக் குடுக்கணும், காலியாவும் குடுக்கக் கூடாது. கொட்டகை அலமாரியில உறைநீர்னு சீட்டு ஒட்டின ஜாடி இருந்துது. அதையே ஊத்தி நிரப்பினேன். என் சீதனத் துணியால மூடிக் கட்டினேன். நல்லா குடுத்துட்டோம்னு சந்தோஷமாத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

"ராத்திரி மாமா, தோல் இளக்கற சாறைப் பாதி காணோம்னு கத்தினாரு. எனக்கு உயிரே போச்சு. காலையில ஓடிப் போய்ப் பார்த்தா, பால் நல்லா உறைஞ்சுதுன்னு பெரியம்மா சொன்னாங்க. சரியாப் போச்சுன்னு நினைச்சேன். போன வாரம்தான்..." அவள் நிறுத்தினாள். "சொல்லிடலாம்னு பெரியம்மாகிட்டப் போனேன். அவங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தாங்க, அக்கா. ஜாடியை மோந்து பார்த்ததுமே தெரிஞ்சுதாம். வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'எனக்கு அம்பத்தாறு வயசு, உனக்கு பத்தொன்பது. என் பேர் கெட்டா எனக்கு மட்டும்தான் கெடும்'னு சொன்னாங்க."

தென்திமிஷ் தொண்டையைக் கனைத்தான். "அப்ப நான் காலையில தின்னது தோல் இளக்கற மருந்தா?"

"பயப்படாத. உன் தோலை இளக்க அது போதாது," என்றாள் புருல்கான். ஆனால் அவள் குரலிலும் ஏதோ இளகியிருந்தது.

வயிறு தன் கத்தியை உறைக்குள் வைத்திருப்பது போல, பக்கத்து வீட்டில் ஒருத்தி நாக்கை வைத்திருந்தாள். எவர் மேலும் படாமல், தன்னையே வெட்டிக்கொண்டு.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் போவாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண்மணி போவாள். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. புருல்கான் எழுந்தாள்.

"அந்த ஜாடியைக் காட்டு."

கொட்டகை அலமாரியில் அது இன்னும் இருந்தது. சீட்டு சுத்தமாக, நேராக ஒட்டியிருந்தது: கூட்டுறவு சீஸ் ஆலை, உறைநீர். உள்ளே தோல் இளக்கும் சாறு.

"இது யாரு குடுத்தது?"

"ஷாம்பெத் தலைவர். மாமா அவருக்குத்தான் தோல் பதப்படுத்தறாரு. பொடியை அவரே வாங்கி, ஆலை ஜாடியில கரைச்சு அனுப்புவாரு. புது ஜாடி தண்டம்னு சொல்வாராம்."

தென்திமிஷ் சீட்டை வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு பக்தியோடு சொன்னான்: "எதையும் தூக்கிப் போடறவன் இல்ல நான்."

---

மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, ஆலை வாசலில் ஷாம்பெத் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புருல்கான் அந்த ஜாடியை, சீட்டு அவர் பக்கம் பார்க்கும்படி, படிக்கட்டில் வைத்தாள்.

"கலந்தது இதுதான், தலைவரே. உங்க தோல் சாறு. உங்க ஆலை ஜாடி. உங்க சிக்கனம்."

தொப்பிக்கு அடியில் ஒரு நிறம் போய் இன்னொரு நிறம் வந்தது. "இது... இது அங்க எப்படிப் போச்சு? யார் எடுத்து ஊத்தினது? அந்த ஆளைச் சொல்லு."

"சீட்டுல உறைநீர்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரிஞ்ச யாரும் ஊத்தலாம். நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன். இதுல ஆள் யாருங்கறதை நான் எழுதப் போறதில்ல. நீங்களும் தேடப் போறதில்ல."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி கூட்டத்துல நான் பேசணும். எனக்கு மேடைப் பேச்சு வராது. உங்க தோல் வியாபாரத்துல தொடங்கினா எங்க முடிப்பேன்னு எனக்கே தெரியாது."

"அவருக்குத் தெரியும்போல இருக்கு, அக்கா," என்றான் தென்திமிஷ். "வேர்த்துப் போச்சு பாருங்க."

"நீங்களா எழுந்து, ஜாடி மாறினது என் தப்புன்னு சொன்னீங்கன்னா, நேர்மையான மனுஷன்னு ஊர் பேசும். அது உங்களுக்குப் புது அனுபவமா இருக்கும். பிடிச்சாலும் பிடிக்கும்."

ஷாம்பெத் பேசினார். பொறுப்பு, கூட்டுறவு, முன்னோர், எதிர்காலம் எல்லாம் பற்றி நாற்பது நிமிடம். அதற்குள்ளே எங்கோ ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தது: ஆலை ஜாடிகளில் தன் தோல் சாறை வைத்ததால் ஜாடி மாறிவிட்டது, ஜூராகான் மேல் குற்றம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை ஊர் பிடித்துக்கொண்டது. அழகாக அச்சான தீர்மானத்தைத் தென்திமிஷ் வாங்கி, காருக்குள் ஒழுகும் இடத்தில் அடைத்துக்கொண்டான். முன் வரிசைக்காரிதான் பாவம், நான்கு மணி நேரம் உட்கார்ந்தது வீணாயிற்று. அவள் பின்னால் ஆய்னாஷ் தலை குனிந்து நின்றிருந்தாள். எல்லோருக்கும் தேநீர் ஊற்ற ஜூராகானைக் கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்து முதல் கிண்ணத்தை வாங்கியது ஊரின் மூத்த மனிதர். பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். அதோடு பேச்சு முடிந்தது.

"நீ போய்ச் சாப்பிடு. ஆட்டுக்கறி வெந்திருக்கும்," என்றாள் புருல்கான்.

"நீங்க?"

"ஒரு வேலை இருக்கு."

"நான் இல்லாமலா? மோசமா போகும்." ஆனால் கறி வாசனை வலிமையானது. போய்விட்டான்.

புருல்கான் தன் அறைக்குப் போய்க் கிளிப்புகளை மேஜைமேல் கொட்டினாள். கிண்ணத்தை மூன்று முறை கழுவினாள். கடையில் உலர்ந்த பாதாமி, திராட்சை, வாதுமை வாங்கி, விளிம்பு தாண்டிக் குவியும்வரை நிரப்பினாள். துணியில் மூடி எடுத்துக்கொண்டு ஆற்றோர வழியாக நடந்தாள். ஊர் முழுவதும் ஆலையில் இருந்தது. நாய் ஒன்று பார்த்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லை என்று திரும்பிப் படுத்தது.

ஜூராகானின் கதவு, எப்போதும் போல, பூட்டியிருக்கவில்லை. உள்ளே காலையில் வைத்த ரொட்டித் துணி மடித்தபடி இருந்தது. சுவரலமாரியில் ஐந்து கிண்ணங்கள்.

அலமாரிப் பலகையில் மலைத்தூசி மெல்லியதாகப் படிந்திருந்தது. கிண்ணங்களுக்கு முன்னாலும் பின்னாலும், மூலைகளிலும். ஆறாவது இடத்தில் மட்டும் இல்லை. அந்த வட்டம் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

புருல்கான் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்து, பூ வெளியே தெரியும்படி திருப்பிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.